எல்லாரும் நல்ல பயலுகதான்

எங்கள் மில் கால்பந்து டீமில் ஒரே ஆட்டத்துக்கு மூன்று பேர் லெஃப்ட் அவுட்டாக இறங்கியிருக்கிறோம். அந்த மூவரில் நானும் ஒருவன். மைதானத்தின் இடது ஓரத்தில், கோட்டை மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டு எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு எங்கள் டீம் மானேஜரைக் கூப்பிட்டு, "இதுல யாருங்க உங்க ஆளு?" என்று கேட்டார். மானேஜர் எங்கள் மூவரையும் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்.

"மூணு பேருமே நம்ம ஆளுகதான்" என்றார்.

வேடிக்கை பார்க்க வந்த ஊர் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவர் என் தோளில் கை போட்டு, "நாளைக்கு லெஃப்ட் அவுட் நீதான் அப்பு, உன்னய விட்டா வேற எவன் இருக்கான்" என்று சொல்லியிருந்தார். அதே கை மற்ற இரண்டு தோள்களிலும் விழுந்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ரெஃப்ரியே இரண்டு பேரை வெளியே அனுப்பினார். அந்த இரண்டு பேரில் நானும் ஒருவன்.

இப்போது டீக்கடைகளில் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டு இளவட்டங்கள் வாதம் செய்கிறார்கள். கோச் என்றால் கண்டிப்பாக இருக்க வேண்டுமாம், இல்லை, சிநேகிதன் மாதிரி இருக்க வேண்டுமாம். இரண்டு மாதிரி ஆட்களிடமும் ஆடியவன் நான். என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் போகிறது, எழுதிவைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில் நான் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால் அவர் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவனுக்குப் பதிலி என்று பெயர். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடுவோம். மேஸ்திரி வந்து முகங்களைப் பார்த்து, நீ வா, நீ வா என்று கை காட்டுவார். கை காட்டாதவன் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வாளியில் சோறும் வெஞ்சனமும் அப்படியே இருக்கும். வேலைக்கென்று கட்டிக் கொடுத்த சோற்றை வீட்டில் உட்கார்ந்து தின்பது போல ஒரு மானக்கேடு கிடையாது. அந்தச் சோற்றை நான் பல நாள் தின்றிருக்கிறேன்.

எனக்கு அந்த நிரந்தரம் வேண்டியிருந்தது. காரணம் வடமதுரையில் இருந்தது. அங்கே என் தாய்மாமன் கடலை, சோளம் போடுகிற சம்சாரி. அவர் மகள் எனக்கு முறைப்பெண். எனக்கு அவளைப் பிடிக்கும். இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம். நான் போகும்போதெல்லாம் கடலை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இன்னைக்கு உள்ள விட்டாங்களா, இல்ல வெளியவேயா?" என்று கேட்பாள். மாமனும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக.

"மாப்ள, வேல நிரந்தரம்னு ஒரு வார்த்த வரட்டும். மக்யாநாளே பூ வச்சிருவோம். கேட்டுக்கு வெளிய நிக்கிறவனுக்குப் பொண்ணக் குடுத்தேன்னு ஊர்ல எப்படிச் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆகவே நான் என் டீம் மானேஜரை நம்பினேன்.

டீம் மானேஜர் மில்லில் டைம் ஆபீஸ்காரர். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று குறிக்கிற வேலை. கேட்டை ஒட்டியே அவர் ஜன்னல். தொப்பையும் வெற்றிலைச் சிவப்புமாக, ஜன்னலில் எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். எங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சங்கதியும் அவருக்குத் தெரியும். யாருக்கு அம்மை, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் தெரியும். ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கும்போது அவர் காலைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். எவன் முகம் வாடியிருக்கிறதோ அவன் இன்றைக்கு ஆடுவான். இதைத் தெரிந்துகொண்ட சில பயல்கள் ஆட்டத்தன்று காலையிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அவரிடம் யாரும் பயந்ததில்லை. பயிற்சிக்கு நேரத்துக்கு வந்ததுமில்லை. மைதானம் முழுக்க நெருஞ்சி முள். வெறுங்காலில் ஆடுகிறவர்கள் நாங்கள். முள்ளைப் பொறுக்கலாம் என்று யாராவது சொன்னால், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும் அப்பு, பாத்து ஓடுங்க" என்பார். பாதி ஆட்டத்தில் நாலு கோல் வாங்கி நிற்கும்போது எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் கொண்டுவந்து கொடுத்து, "விடுங்க, வயித்தக் காயப்போட்டுக்கிட்டு ஆட வேணாம்" என்பார். நாங்கள் அவரை நேசித்தோம், அது உண்மை. ஆனால் நேசித்தவருக்காக யாரும் உயிரைக் கொடுத்து ஆடவில்லை. தோற்றாலும் அதே சிரிப்பு, ஜெயித்தாலும் அதே சிரிப்பு என்றால் எதற்கு ஓடுவது?

என் நிரந்தரத்தைப் பற்றி அவரிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "சித்திர பொறக்கட்டும் அப்பு. முதலாளி காதுல நான் போடுறேன்" என்றார். சித்திரை பிறந்தது. ஆடிக்குப் பார்ப்போம் என்றார். ஆடி போய்த் தீபாவளி வந்தது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான். ஒவ்வொரு முறையும் நான் நம்பிக்கையோடுதான் திரும்பினேன்.

பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடுகிற ஷாப் டீமிடம் ஏழு கோல் வாங்கிய அன்று முதலாளி பார்க்க வந்திருந்தார். மறுநாளே புது மானேஜர்.

வந்தவர் மில்லின் காவலுக்குப் பொறுப்பான மிலிட்டரிக்காரர். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் கத்தரியும் வெங்காயமும் போடுகிற குடும்பத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர். அங்கே ரெஜிமென்ட் டீமில் ஆடியவர். மீசை கிடையாது. சிரிப்பும் கிடையாது. முதல் நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒரு சாக்கு நிறைய மரப் பாபின்களைத் தரையில் கொட்டினார். நூல் சுற்றுகிற, நாங்கள் தினமும் கையாளுகிற அதே பாபின். பதினொன்றை எடுத்துக் கோடு கிழித்த மண்ணில் நட்டார்.

"இது நீ. இது நீ. நீ இங்க இருந்து இங்க வரைக்கும்தான். அதுக்கு மேல உனக்கு வேல கெடையாது."

என் பாபினை எடுத்து இடது ஓரத்திலிருந்து நடுவுக்குப் பின்னால் வைத்தார். இனி நான் லெஃப்ட் அவுட் இல்லை, ஹாஃப் பேக். எதிராளிகளில் நல்லா ஆடுகிற ஒருவனை ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும். "அவன் தண்ணி குடிக்கப் போனா நீயும் போ" என்றார். பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதற்கென்றே பிறந்தவன் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு. என்னைக் கொண்டுபோய் இன்னொருவன் நிழலாக்கினார்.

மைதானத்தில் ஒரு நெருஞ்சி முள் இல்லாமல் எங்களை வைத்தே பொறுக்கவைத்தார். நேரத்துக்கு வராதவன் அன்றைக்கு ஆட முடியாது. அப்படியும் நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம், அதுதான் எரிச்சல். ஒரு ஆட்டத்தில் எனக்குக் கை துறுதுறுத்தது, சரியாகச் சொன்னால் கால். பந்து கிடைத்ததும் அவர் கிழித்த கோட்டைத் தாண்டி ஓடினேன். இரண்டு பேரை ஏமாற்றி கோல் போட்டேன். கூட்டம் துண்டைச் சுழற்றியது. ஆட்டம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர் என்னைக் கூப்பிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார், அவர் போதும் என்கிற வரைக்கும். கோல் போட்ட குற்றத்துக்காக ஓடியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

எங்கள் டீமை ஒற்றுமையாக்கியது அவருடைய பாபின் கணக்கு என்று முதலாளி நினைத்தார். அதில்லை. பழைய மானேஜர் காலத்தில் ஆளுக்கொரு திசையில் இருந்தோம். இவர் வந்த பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இவரைத் திட்டினோம். திட்டத் திட்ட ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோம். எங்கள் கோல் கீப்பர் மட்டும் திட்ட மாட்டான். அவனும் என்னைப் போலப் பதிலி. வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் நிற்கிறவன்.

"திட்டுனாலும் இவரு நம்மளப் பாத்துத் திட்டுறாருடா. பழைய மானேஜரு சிரிக்கும்போது யாரப் பாத்துச் சிரிக்கிறாருன்னே தெரியாது" என்பான்.

அப்போது எனக்கு அது புரியவில்லை.

மில்லுக்குள்ளே நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால்தான் பேசுவோம். ஒரு முட்டியின் மேல் இன்னொரு முட்டியை வைத்தால், பாபின் நிறைந்துவிட்டது, எல்லோரும் இறக்க வாருங்கள் என்று அர்த்தம். ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினால் இழை அறுந்தது, திரும்பிப் போய்ப் பார். மீசை மாதிரி மேலுதட்டில் விரலைத் தேய்த்தால் மேஸ்திரி பின்னால் வருகிறார், ஜாக்கிரதை. மிலிட்டரிக்காரருக்கு மீசை இல்லாவிட்டாலும் மைதானத்தில் அவர் தலை தெரிந்ததும் பதினொரு பேரும் மேலுதட்டைத் தேய்த்துக்கொள்வோம்.

ஒரு நாள் பயிற்சியின்போது அவர் கோட்டுக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தன் மேலுதட்டைத் தேய்த்துக் காட்டினார். எங்களுக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. மில்லுக்குள் ரோந்து வருகிற ஆள் அவர், எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்.

"இன்னைல இருந்து இதுதான் ஆர்டர்" என்றார். "ஆட்டத்துல என் தொண்டை கேக்காது. கையப் பாருங்க. முட்டி மேல முட்டின்னா அம்புட்டுப் பேரும் முன்னால ஏறணும். விரல மடக்குனா பின்னால வந்து கோலக் காக்கணும். உதட்டத் தேச்சா உன் பின்னால ஆள் வாரான்."

அதில் இருந்த மூளையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பள்ளிக்கூட டீம், போலீஸ் டீம், ரயில்வே டீம் ஒன்றுக்கும் எங்கள் சைகை புரியவில்லை. கோட்டுக்கு வெளியே ஒரு மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான் என்று நினைத்தார்கள். நாங்கள் அந்த வருஷக் கேடயத்தின் கடைசி ஆட்டம் வரை போய்விட்டோம். அப்போதுதான் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். கேடயம் வந்தால் டீமில் இருக்கிற பதிலிகளில் இரண்டு பேருக்கு நிரந்தரம். அந்த இரண்டு பேர் யார் என்பதை மானேஜர் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே சைக்கிளை மிதித்து வடமதுரைக்குப் போய் மாமனிடம் சொன்னேன். அவர் தை வரைக்கும் பார்க்கிறேன் என்றார். அவள் கடலை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசி ஆட்டம் வேடசந்தூர்ப் பக்கத்து மில் டீமோடு. நான் இங்கே வருவதற்கு முன் ஒரு கோடைக்காலம் அந்த மில்லில்தான் பதிலியாக நின்றேன். அங்கேயும் ரிங் ஃபிரேம்தான். அங்கேயும் அதே இரைச்சல், அதே முட்டி, அதே விரல், அதே மேலுதடு. நாங்கள் கையில் பேசுவதை அவர்கள் தெருவில் பேசுவது போலப் புரிந்துகொள்வார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் மிலிட்டரிக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், அவிங்களும் மில்லுக்காரவிங்க. இந்தச் சைகை அம்புட்டும் அவிங்களுக்குத் தெரியும்."

"நீ என்ன ஆடணும்?"

"ஹாஃப் பேக் சார்."

"அத ஆடு. யோசன சொல்ல உன்னயக் கூப்பிடல."

மறுநாளும் போய்ச் சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள் விசில் ஊதி ஓடச் சொல்லிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் உண்டு, இவருடைய முயல் இவர் கிழித்த கோட்டையே தாண்டாது.

சரி, ஒரு மிலிட்டரிக்காரருக்கு ஒரு பதிலி சொன்னால் ஏறாது, சமமான ஆள் சொன்னால் ஏறும் என்று டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். பழைய மானேஜர் பதவி போன பிறகும் எங்கள் கூடவேதான் திரிந்தார். எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் இப்போதும் அவர் பொறுப்பு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. "நீ சொல்றது ரொம்ப நெசம் அப்பு" என்றார். "செத்த நேரத்துல அவரப் பாத்துப் பேசிடுறேன். நீ கவலப்படாமப் போ."

கவலைப்படாமல் போனேன். அவர் பேசவில்லை. மிலிட்டரிக்காரர் மனம் நோகுமே என்று பேசவில்லை. ஒருவர் நம் பேச்சைக் காதிலேயே வாங்க மாட்டார். இன்னொருவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார், வாங்கியது அங்கேயே கிடக்கும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் பந்தாக உதைபட்டேன்.

ஆட்டத்தன்று நான் பயந்தபடியேதான் நடந்தது. மிலிட்டரிக்காரர் முட்டி மேல் முட்டி வைத்தார். நாங்கள் முன்னால் ஏறுவதற்குள் வேடசந்தூர்க்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள், பந்தைப் பறித்து நாங்கள் விட்டுவந்த காலி இடத்தில் அடித்தார்கள். ஒரு கோல். அவர் விரலை மடக்கினார். நாங்கள் திரும்புவதற்குள் அவர்கள் மொத்தமாக ஏறி வந்தார்கள். இரண்டாவது கோல். அவர்களுடைய ரைட் இன், நான் ஒட்டிக்கொண்டு திரிந்த ஆள், என்னைப் பார்த்துத் தன் மேலுதட்டைத் தேய்த்துக் காட்டிச் சிரித்தான். அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேல் இல்லை.

இடைவேளையில் மிலிட்டரிக்காரர் எங்களைத்தான் ஏசினார். யாரும் சைகைக்குச் சட்டென்று அசையவில்லையாம். ஏசிவிட்டு ரெஃப்ரியிடம் ஏதோ முறையிடப் போனார். எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். நான் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தேன்.

"இங்க பாருங்கடா. அவரு கையத்தான் அவிங்களும் பாக்குறாங்க. பாக்கட்டும். அவரு முன்னால போன்னா நாம பின்னால வருவோம். பின்னால வான்னா முன்னால ஏறுவோம். அம்புட்டுத்தான்."

"ஏலே, அவரு கொன்னுருவாரு" என்றான் ரைட் பேக், அவனும் எங்களைப் போலப் பதிலி.

"தோத்தா முதலாளி கொன்னுருவாரு."

பழைய மானேஜர் பக்கத்தில்தான் குத்துக்காலிட்டு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது. எனக்கு ஒரு துண்டை நீட்டி, "செய்யிங்க அப்பு. நல்ல யோசனதான். நான் எதுவும் கேக்கல" என்றார்.

அவருக்குத் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது பாதியில் மிலிட்டரிக்காரர் விரலை மடக்கினார். வேடசந்தூர்க்காரர்கள் நாங்கள் ஒடுங்கப்போகிறோம் என்று ஏறி வந்தார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினோம். அங்கே அவர்கள் கோல் கீப்பரைத் தவிர ஒரு குருவி இல்லை. ஒரு கோல். சிறிது நேரத்தில் இன்னொன்று. கோட்டுக்கு வெளியே மிலிட்டரிக்காரர் முகம் கறுத்துப்போய், கையை உடைத்துவிடுகிறவர் போல முட்டியை முட்டியில் மோதிக்கொண்டிருந்தார். அவர் மோத மோத நாங்கள் பின்னால் வந்தோம். அவர் சொன்னபடி செய்தவன் ரைட் பேக் ஒருவன்தான். பயந்தவன், பாவம். எல்லோரும் முன்னால் ஓடும்போது அவன் ஒருவன் தனியாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாவது கோல் என் காலில் இருந்து போனது. லெஃப்ட் அவுட் நிற்கிற இடத்திலிருந்து, இடது காலால். கேடயம் எங்களுக்கு.

மில்லின் முற்றத்தில் பந்தல் போட்டுக் காப்பியும் கேசரியும் கொடுத்தார்கள். முதலாளி மிலிட்டரிக்காரருக்கு மாலை போட்டு, எதிராளியை இப்படி ஏமாற்ற அவரால்தான் முடியும் என்று பாராட்டினார். மிலிட்டரிக்காரர் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விறைப்பாக நின்றார். பிறகு முதலாளி கேட்டார், அந்த இரண்டு பேர் யார் என்று.

"ரைட் பேக். கோல் கீப்பர்."

நான் கேசரியைக் கீழே வைத்தேன். ரைட் பேக் சொன்னபடி ஓடியவன். கோல் கீப்பருக்கு எந்தச் சைகைக்கும் ஒரே இடம்தான். கம்பத்துக்கு நடுவில் நின்றவன் எப்படி ஆர்டரை மீறுவான்? முதலாளிக்கே கொஞ்சம் ஆச்சரியம். மூன்றாவது கோலை அவர் பார்த்திருக்கிறார். அவர் பழைய மானேஜர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இந்தப் பயலுகளோட இருந்தவருதான. நீங்க என்ன சொல்றீங்க? வேற யாருக்காவது குடுக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் முதலாளி மறுத்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். அவர் பிறகு மிலிட்டரிக்காரரைப் பார்த்தார். ரைட் பேக்கைப் பார்த்தார். கோல் கீப்பரைப் பார்த்தார். ஒருவர் முகமும் வாடக்கூடாது அவருக்கு.

"எல்லாரும் நல்ல பயலுகதான் முதலாளி" என்றார்.

நான் மிலிட்டரிக்காரரை விடவில்லை. பந்தலுக்கு வெளியே மறித்துக் கேட்டேன். "ஆட்டம் யாரால ஜெயிச்சது சார்?"

"உன்னாலதான்" என்றார், கண் இமைக்காமல்.

"அப்புறம் ஏன் சார்?"

"நீ ஜெயிச்ச. அவன் நான் சொன்னதக் கேட்டான். மிஷின்ல நிக்க சொன்னதக் கேக்குறவன்தான் வேணும்."

"நான் ரெண்டு நாளாச் சொன்னத நீங்க கேக்கலயே சார்."

"கேக்குறது என் வேல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாவி, அதிலும் ஒரு நேர்மை வைத்திருந்தான். அவனை நான் ஆயுசு முழுக்கத் திட்டியிருக்கிறேன். திட்டினால் மனசு ஆறும். அவன் என்ன செய்தான், ஏன் செய்தான் என்பது எனக்குத் தெரியும். நான் வெறுக்கிறேன் என்பது அவனுக்கும் தெரியும். கணக்குத் தீர்ந்த மாதிரிதான்.

தை மாதம் மாமன் தன் மகளுக்கு வேறு இடத்தில் பூ வைத்தார். மாப்பிள்ளைக்கு பஸ் கம்பெனியில் நிரந்தர வேலையாம். என் மேல் மாமனுக்குக் கோபமில்லை, எனக்கும் அவர் மேல் இல்லை. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. டைம் ஆபீஸ்காரர் போயிருந்தார். எப்படியோ மாப்பிள்ளை வீட்டாரும் அவருக்குப் பழக்கம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் நின்றேன். கோல் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனான். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சங்கு ஊதியது. மேஸ்திரி வந்து, நீ வா, நீ வா என்றார். என்னைப் பார்த்து அவர் கை எழவில்லை. திரும்பி நடந்தேன். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் இருந்து பழைய மானேஜர் என்னைக் கூப்பிட்டார். வெற்றிலைச் சிவப்பு, அதே சிரிப்பு, உண்மையான பிரியம். அதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை, அதுதான் என் தலையெழுத்து.

"நீ ஏன் அப்பு கல்யாணத்துக்கு வரல? புள்ள நல்லாருந்துச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "முகம் வாடிக் கெடக்கு. சாப்டியா?" என்று கேட்டார்.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் அத்தனையும் வாய் வரைக்கும் வந்து நின்றன. அந்த முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் மனசில்லை. தூக்குவாளி கையில் கனத்தது.

"சாப்டேண்ணே" என்றேன்.